விளாவிய வெந்நீர்

மாதம் ஒரு முறை ரத்த அழுத்த மாத்திரை வாங்க எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறேன். அங்கே மருந்து கொடுக்கும் பெண்ணுக்கு என் மேல் கொஞ்சம் பிரியம். நானும் அந்தக் காலத்துக் கம்பவுண்டர்தான் என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தேன். போன மாதம் போனபோது சுவரில் புதிதாக ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. கை கழுவ இடம் இருக்கிறதா, கழிவைப் பிரித்துப் போடுகிறார்களா, நோயாளிக்குத் திருப்தியா என்று வரிசையாகக் கேள்விகள். மேலிருந்து ஒரு குழு வந்து ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுமாம். தேறினால் சான்றிதழ் உண்டாம்.

"உங்க காலத்துல டாக்டருங்க ஒழுங்கா வைத்தியம் பாக்குறாங்களான்னு யாருங்கய்யா வந்து பாத்தாங்க?" என்று கேட்டது அந்தப் பெண்.

"நான்தாம்மா," என்றேன்.

சிரித்துவிட்டது. நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். பக்கத்து அறையில் நர்ஸ் ஒருத்தி உறையைக் கிழித்து ஓர் ஊசியை எடுத்தாள், யாருக்கோ போட்டாள், அப்படியே குழாயோடு சிவப்பு டப்பாவில் எறிந்தாள். ஒரு தடவைக்கு ஒன்று. கொதிக்க வைக்கிற வேலையே இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் மாத்திரையை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் திரும்பப் போனபோது, "எப்படிப் பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்கய்யா, நாங்க படிக்கிறோம்," என்று அந்தப் பெண் சொன்னது. கேலியாகச் சொன்னதா நிஜமாகச் சொன்னதா என்று தெரியவில்லை. நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் முஸ்லிம் வீடுகளில் அப்பாதான் அத்தா. எங்கள் அத்தாவுக்குப் பழனி பஜாரில் கம்பளிக் கடை. மலைக்காரர்கள்தான் வாடிக்கை. அந்தக் கம்பளி வாடைக்கு எனக்குத் தும்மல் நிற்காது. கடையில் உட்கார வைக்க லாயக்கில்லை என்று தீர்மானித்து என்னை மதுரைக்குக் கம்பவுண்டர் படிக்க அனுப்பினார்கள். அங்கே கற்றதையெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: தராசு முள் நிற்கும்வரை மூச்சு விடாதே. படிப்பு முடிந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஜில்லா மெடிக்கல் ஆபீசில் வேலை கிடைத்தது.

அப்போது மலையிலும் அடிவாரத்திலும் பல ஊர்களில் சர்க்கார் உதவியோடு டாக்டர்கள் சின்ன டிஸ்பென்சரி நடத்தி வந்தார்கள். மருந்தும் கருவிகளும் ஆபீஸ் கொடுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை ஒருவர் போய், கொடுத்தது எவ்வளவு, செலவானது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து, அங்கே இருக்கும் ஆய்வு நோட்டில் குறிப்பு எழுதிவிட்டு வரவேண்டும். அந்த ஒருவர் நான். இருபத்து நாலு, இருபத்தைந்து வயது. கையில் சிவப்பு மை. என்னைப் பார்த்ததும் நரைத்த டாக்டர்கள் எழுந்து நிற்பார்கள். அந்த வயதில் அது தலைக்கு ஏறாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். ஏறியது.

மூன்று வருஷம் கழித்து டாக்டர் தேவசகாயம் எங்களுக்கு மேலதிகாரியாக வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், குள்ளம், எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். துடைக்கத் துடைக்க எதிரில் இருப்பவனுக்கு வியர்க்கும்.

"சாமானை எண்ணிட்டு வர்றதுக்கு எதுக்குலே அவ்வளவு தூரம் போறே?" என்று முதல் வாரமே என்னிடம் கேட்டார். "அதை அவங்களே எண்ணி ஒரு கார்டுல எழுதிப் போட்டுருவாங்களே."

அதற்குப் பிறகு சுற்றுப்பயணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் பார்க்கிற விதமே வேறு. ஊருக்கு ஒரு மைல் முன்னாலேயே பஸ்ஸைவிட்டு இறங்கி நடப்பார். வழியில் ஆள் யாரும் நொண்டிக்கொண்டோ கட்டுப் போட்டுக்கொண்டோ வந்தால் நின்று பேசுவார். டிஸ்பென்சரிக்குள் நுழைந்ததும் டாக்டரிடம் போகமாட்டார். நோயாளிகள் பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். ஒரு மணி நேரம் அங்கேதான். பிறகு கொல்லைப்புறம் போய்க் குப்பைக் குழியைப் பார்ப்பார். பதிவேட்டைக் கடைசியாகத்தான் கேட்பார், அதுவும் ஏதோ மரியாதைக்குக் கேட்பது போல.

குப்பைக் குழியின் மகிமை எனக்கு அடிவாரத்து ஊர் ஒன்றில் தெரிந்தது. அங்கே இருந்த டாக்டரின் பதிவேடு முத்து முத்தாக இருக்கும். மூன்று வருஷமும் நான் 'மிக நன்று' என்று எழுதியிருந்தேன். தேவசகாயம் ஐயா குழியில் ஒரு குச்சியைவிட்டுக் கிளறினார். பென்சிலின் போட்டதாகப் பதிவேடு முழுக்க எழுதியிருந்தது. குழியிலோ ஒரு பென்சிலின் குப்பிகூட இல்லை. மருந்து கரைக்கும் வெறும் தண்ணீர் ஆம்பூல்கள்தான் குவிந்து கிடந்தன. ஊர் ஜனங்களுக்குத் தண்ணீரைக் குத்தி அனுப்பிவிட்டு, மருந்தை வேறு எங்கோ அனுப்பியிருக்கிறார் அந்த மனுஷன். அடுத்த மாதமே அவரை எடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது ஐயா எனக்கு ஒரு கிராம்பு மட்டும் கொடுத்தார்.

இன்னொரு தடவை கொடைக்கானலுக்குக் கீழே இருக்கும் வெள்ளகவிக்கு நடந்து இறங்கினோம். அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடக்கூடாது. நானும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கல் குத்துகிறதே என்று கீழே பார்த்தபடி நடந்தேன். ஐயாவும் வெறுங்காலோடுதான் நடந்தார். ஊர் எல்லை தாண்டியதும், "எத்தனை வீட்டுல தொட்டில் தொங்குச்சு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் கால் விரல்கள் எத்தனை என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அந்த வருஷம் மாசி மாதம் ஆபீசுக்கு ஒரு மனு வந்தது. கொடைக்கானலுக்கு மேற்கே, மேல்மலையில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஓர் ஊர். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. அங்கே டிஸ்பென்சரி நடத்திய டாக்டர் நல்லசிவம் போட்ட ஊசியால் மூன்று பேருக்குச் சீழ் கட்டிவிட்டது, அதில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கால் ஊனமாகிவிட்டது, ஆகையால் அந்த டாக்டரை எடுத்துவிட வேண்டும் என்று மனுவில் இருந்தது. வாத்தியார் ஒருவர் எழுதி, கீழே அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். மற்ற இரண்டும் பெருவிரல் ரேகை.

நல்லசிவம் எனக்குப் பிடித்த டாக்டர். எல்.எம்.பி. என்ற அந்தக் காலத்து டாக்டர் படிப்பு படித்துவிட்டு, யாரும் போக மறுத்த ஊருக்குத் தானாகக் கேட்டுப் போனவர். குழந்தையின் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் தன் கையைக் கோட்டுக்குள்விட்டுச் சூடாக்கிக்கொள்வார். அவரை எடுத்தால் அங்கே இன்னொருவர் வருவாரா என்பது சந்தேகம். டிஸ்பென்சரியையே மூடிவிடலாம் என்று ஆபீசில் பேச்சு இருந்தது. மூடினால் அந்தச் சுற்றுவட்டத்தில் பிரசவம் கஷ்டமானாலும் காய்ச்சல் முற்றினாலும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கொடைக்கானலுக்கு நடக்க வேண்டும். எல்லாம் ஐயா எழுதப்போகும் ஒரு பக்க ரிப்போர்ட்டில் இருந்தது.

கொடைக்கானலில் தங்கி, மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. ஐயா காதுக்கு மப்ளர் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். மதியம் போய்ச் சேர்ந்து, வழக்கம்போல பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். இருமல்காரர் ஒருவரை நல்லசிவம் பரிசோதித்தார். முன்னாலும் பின்னாலும் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பொறுமையாகக் கேட்டார். மருந்தைக் கொடுத்துவிட்டு எப்படிச் சாப்பிடுவது என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்தார். குப்பைக் குழியில் குப்பிகள் பதிவேட்டோடு பொருந்தின. டாக்டரின் நகம் ஒட்ட வெட்டியிருந்தது. ஊசி கொதிக்கிற பாத்திரம் ஸ்டவ்வில் ஆவி கக்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் கொதிக்க விடுவீங்க?" என்று ஐயா கேட்டார்.

"அரை மணிங்க சார். கீழ மாதிரி இல்லை, இங்க தண்ணி சீக்கிரமே கொதிச்சிரும், ஆனா சூடு போதாது. துவரம்பருப்பே வேக மாட்டேங்குது. அதான் கூடுதலா விடுறோம்."

ஐயா தலையாட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது, சீழ் கட்டியதற்கு வேறு ஏதாவது காரணம் இருக்கும், மனுவை ஒதுக்கிவிடலாம் என்று மனசுக்குள் ரிப்போர்ட்டையே எழுதிவிட்டேன்.

ஐயா மப்ளரை அவிழ்த்தார். "ரெண்டு நாளா உடம்பெல்லாம் ஒரே அசதி டாக்டர். எனக்கு ஒரு பி காம்ப்ளெக்ஸ் ஊசி போடுங்களேன். எல்லாருக்கும் எப்படிப் போடுவீங்களோ அப்படியே."

நல்லசிவம் கை கழுவப் போனார். அவரிடம் மாயன் என்று ஓர் உதவியாள் உண்டு. ஐம்பது வயது, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அவர் ஸ்டவ்வை அணைத்தார். பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். பிறகு மூலையில் தட்டுப் போட்டு மூடியிருந்த மண்பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு, கொதிநீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். விரலைவிடாமல் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் அரை டம்ளர் ஊற்றினார். வீட்டில் குளிக்கத் தண்ணீர் விளாவுவோமே, அதே மாதிரி.

"அது என்ன தண்ணி?" ஐயாவின் குரல் மாறவில்லை.

"கொதிக்க வச்சு ஆறுன தண்ணிதாங்கய்யா."

நல்லசிவம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "சூட்டோட வெளிய எடுத்தா இந்தக் குளிருக்குக் கண்ணாடிக் குழாய் பட்டுனு விரிசல்விட்டுருது சார். தானா ஆற விட்டா வெளிய ஆளுங்க காத்துக் கெடக்காங்க. அதான் கொதிச்சு ஆறின தண்ணியைவிட்டு விளாவிடுறோம்."

"எப்பக் கொதிச்சது?"

"நேத்து சாயங்காலம்."

"பானையை எப்பக் கழுவினீங்க மாயன்?"

மாயன் யோசித்தார். "உள்ள இருக்கதுதான் காச்சுன தண்ணியாச்சேய்யா. கொறையக் கொறைய அது மேலயே ஊத்திக்கிருவோம். கழுவுற சோலி இல்லீங்க."

ஐயா எழுந்து போய்ப் பானைக்குள் கையைவிட்டு உட்பக்கத்தைத் தடவினார். என்னையும் தடவச் சொன்னார். பாசி பிடித்த குளத்துப் படி போல வழுவழு என்று இருந்தது. கையை வெளியே எடுத்தபோது விரல் நுனியில் ஏதோ நூலாக இழுத்தது.

நல்லசிவமும் தடவிப் பார்த்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அரை மணி நேரம் கொதிக்க வைத்துக் கிருமியைக் கொன்றுவிட்டு, இந்தத் தண்ணீரை விளாவி, அதே குழாயில் மருந்தை ஏற்றி, குழந்தையின் இடுப்பில் குத்தியிருக்கிறார்கள்.

"முன்னாடியும் ஒண்ணு ரெண்டு பேருக்கு வீங்குச்சு சார்," என்றார் நல்லசிவம். "மருந்தோட குணம்னு நெனச்சுட்டேன்."

"இந்தப் பழக்கம் எப்ப இருந்து?"

நல்லசிவம் விரலைத் துடைக்கத் துண்டைத் தேடினார். ஐயா மறுபடியும் கேட்டார். மாயன்தான் சொன்னார், வெள்ளந்தியாக: "ஆபீஸ்ல இருந்து நோட்டுல எழுதுனாங்கல்ல, கொழாய் ஒடையக்கூடாதுன்னு. அதுல இருந்துதாங்க."

ஐயா ஆய்வு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தைப் புரட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி, தான் படித்துவிட்டு, என் பக்கம் திருப்பி வைத்தார்.

சிவப்பு மை. 'ஊசிக் குழாய் உடைசல் மிக அதிகம். அஜாக்கிரதையே காரணம். உடைசலை உடனடியாகக் குறைத்து அறிக்கை அனுப்பவும்.' இரண்டு தடவை அடிக்கோடு. கீழே என் கையெழுத்து, வாலைச் சுழித்து.

அதை எழுதிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. அன்று நல்லசிவம் ஏதோ சொல்ல வந்தார். "குளிர்ல கண்ணாடி..." என்று ஆரம்பித்தார். "எல்லா ஊர்லயும் குளிர் இருக்கு டாக்டர்," என்று வெட்டிப் பேசிவிட்டு, அவர் கொடுத்த காப்பியைக் குடித்தேன். எல்லா ஊரிலும் எங்கே குளிர் இருக்கிறது? நான் சொன்னது வடிகட்டின முட்டாள்தனம். அடுத்த வருஷம் போனேன். உடைசல் இல்லை. 'குறிப்பின்படி சீர்செய்யப்பட்டுள்ளது. திருப்தி.' அதற்கு அடுத்த வருஷமும் திருப்தி. ஆபீசில் இதைச் சொல்லிப் பெருமைகூட அடித்திருக்கிறேன். மூன்று வருஷத்தில் ஒரு நாளாவது நின்று, ஓர் ஊசி போடுவதை நான் பார்த்ததில்லை. குழாய்களைத்தான் எண்ணினேன்.

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பானை என்னோடதுங்க சார்," என்றார் நல்லசிவம். "பானையில தண்ணி வைன்னு அவர் எழுதலை. நான் டாக்டர். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"நீங்க ரெண்டு பேரும் யாருக்கு எவ்வளவுன்னு அப்புறமா பங்கு போட்டுக்கிடுங்க," என்றார் ஐயா. "கால் போனது யாருக்கு? முதல்ல அங்க போவோம்."

அந்தக் குழந்தையின் அம்மா வெள்ளையம்மாளின் வீடு டிஸ்பென்சரிக்கு மேலே, பூண்டுக்காட்டை ஒட்டி இருந்தது. நாங்கள் போனபோது அவள் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். டாக்டரைக் கண்டதும் எழுந்து நின்றாள், வா என்று சொல்லவில்லை. வாசலில் அந்தப் பெண் செல்லி உட்கார்ந்திருந்தது. இடது கால் வலது காலைவிட மெலிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் பாவாடையை இழுத்து அதை மூடிக்கொண்டது.

ஐயா தான் யார் என்று சொன்னார். "நீங்க குடுத்த மனு என்கிட்டதான் இருக்கு. டாக்டரை மாத்தணுமா வேண்டாமான்னு நான் எழுதணும். அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியணும்."

நல்லசிவம் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பானையில் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது, அது ஊசியோடு உள்ளே போய்ச் சீழ் கட்டி நரம்பைக் கெடுத்தது, அது தன் தப்பு என்று மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"எம்புள்ள காலு பழையபடி வருமா?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள்.

"முழுசா வராதும்மா. எண்ணெய் போட்டு நீவி, தெனம் நடக்க விட்டா கொஞ்சம் தேறும்."

"பெறகு எதுக்கு வந்தீக? மனுவ வாங்கிட்டுப் போகவா?"

"இல்லை," என்றார் ஐயா. "டாக்டரை எடுத்தா அடுத்த ஆள் எப்ப வருவார்னு எனக்கே தெரியாது. வராமலும் போகலாம். ஆனா அதுக்காக இவரே இருக்கட்டும்னு சொல்லாதீங்க. இவர் கையில இன்னொரு புள்ளையக் குடுப்பீங்களா, மாட்டீங்களா? அதைச் சொன்னாப் போதும்."

அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலை குனிந்து நின்றார். பேசாமல் இருந்துவிடலாம். ஐயாவும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவருக்குப் பயந்து பேசினேன் என்று பிற்காலத்தில் ஒரு சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் அதற்கும் வழி வைக்கவில்லை.

"குழாய் உடையக்கூடாதுன்னு எழுதினது நான்மா," என்றேன். "குளிர்ல உடையுதுன்னு டாக்டர் சொல்ல வந்தார். நான் காது குடுக்கலை. என் எழுத்துக்குப் பயந்துதான் அவர் அந்தப் பானையை வச்சார்."

அப்போதுதான் அவள் என்னையும் என் தலையில் இருந்த தொப்பியையும் பார்த்தாள். "நீங்க யாரு?"

"வருஷா வருஷம் இந்த டிஸ்பென்சரியைப் பாத்து எழுதிட்டுப் போறவன்."

"எத்தனை வருசமா?"

"நாலு வருஷமா."

"இந்தப் பாதையிலயா போனீக?"

"ஆமா."

"நான் இந்தக் காட்டுலதான கெடக்கேன், விடிஞ்சா அடைஞ்சா. உங்களப் பாத்ததா நெனவே இல்லையே பாய். நீங்களும் ஏறெடுத்துப் பாத்திருக்க மாட்டீக." அவள் குரல் உயரவில்லை. "டாக்டரத்தான் வஞ்சுக்கிட்டுக் கெடந்தேன், ராவும் பகலும். இப்படி ஒருத்தர் வந்துட்டுப் போறாருன்னே எனக்குத் தெரியாது."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளையம்மாள் களைக்கொத்தியைப் போட்டுவிட்டு விடுவிடுவென்று டிஸ்பென்சரிக்கு இறங்கினாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். மாயன் என்னவோ ஏதோ என்று ஒதுங்கி நின்றார். அவள் அந்தப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். குப்பைக் குழியில் போட்டாள். அது உடையவில்லை. குழியில் இறங்கி, ஒரு கல்லை எடுத்து உடைத்தாள். மேலே வந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்:

"கண்ணாடிக் கொழாய் ஒடஞ்சா வேற குடுக்க மாட்டீகளா?"

"குடுப்போம்மா."

"அப்ப ஒடையட்டும். டாக்டரு இருக்கட்டும். அஞ்சு புள்ள பெத்தேன், அஞ்சுக்கும் இவருதான் ஓடியாந்தாரு. தப்ப எம்மூஞ்சிக்கு நேரா சொன்னாருல்ல." பிறகு ஐயாவின் பக்கம் திரும்பினாள். "ஆனா இந்த பாய் இனி எப்ப வந்தாலும் மொதல்ல எம் வீட்டுக்கு வரணும். எம்புள்ள நடக்குறதப் பாத்துட்டு, அப்புறம் போய் நோட்டுல என்னத்தையும் எழுதட்டும்."

ஐயா என் பேனாவை வாங்கினார். ஆய்வு நோட்டில் என் சிவப்பு வரியை அடித்துவிட்டு, உடைசல் எவ்வளவு ஆனாலும் குழாய்கள் தரப்பட வேண்டும், கொதித்த பாத்திரத்தில் வேறு தண்ணீர் சேர்க்கக் கூடாது, மூடியபடி தானாக ஆறவிட வேண்டும் என்று எழுதினார். அதற்குக் கீழே, ஆய்வுக்கு வருகிறவர் முதலில் மனுதாரர் வெள்ளையம்மாள் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் எழுதினார். சர்க்கார் நோட்டில் அப்படி ஓர் உத்தரவை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. ஆபீசுக்குப் போன ரிப்போர்ட்டை என்னையே எழுதச் சொன்னார். என் பெயரில்தான் ஆரம்பித்தேன். எனக்கு ஒரு வருஷம் சம்பள உயர்வு நின்றது. நல்லசிவத்துக்கு எச்சரிக்கை வந்தது. டிஸ்பென்சரி மூடப்படவில்லை.

அடுத்த வருஷம் போனபோது முதலில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். செல்லி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. "நட ஆத்தா, பாய் பாக்கட்டும்," என்றாள் வெள்ளையம்மாள். வாசலிலிருந்து காட்டு வேலி வரைக்கும் போய்த் திரும்பியது. ஒவ்வோர் எட்டுக்கும் இடது பக்கம் சாய்ந்தது. நான் பார்த்தேன். பிறகு டிஸ்பென்சரிக்குப் போய், நாலு ஊசி போட்டு முடிகிறவரை ஸ்டவ்வுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு, நோட்டைத் திறந்தேன். எல்லா ஊரிலும் அதையே செய்தேன். அதனால் என் சுற்றுப்பயணம் எப்போதும் மற்றவர்களுடையதைப் போல இரண்டு பங்கு நாள் பிடிக்கும் என்று ஆபீசில் கேலி செய்வார்கள்.

வருஷம் ஆக ஆகச் செல்லிக்கு என்னிடம் கூச்சம் போய்விட்டது. "மாமா வந்துட்டாரு, நடக்கணும்," என்று தானே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலி வரைக்கும் போய் வரும். ஒரு வருஷம் தலையில் பூண்டுக் கட்டோடு நடந்து காட்டியது. தேவசகாயம் ஐயா ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிப் பக்கம் போன பிறகு, அந்த உத்தரவை நினைவில் வைத்திருந்தது நானும் வெள்ளையம்மாளும்தான்.

அறுபதுகளின் கடைசியில் எனக்கு மதுரைக்கு மாற்றல் வந்தது. மேல்மலைக்கு அதுதான் கடைசி ஆய்வு, அதுவும் வழக்கத்தைவிட ஆறேழு மாதம் தள்ளிப் போயிருந்தது. அப்போது உருளைக்கிழங்கு லாரி போக ரோடு வந்துவிட்டது. லாரியில் முன்னால் உட்கார்ந்து போய், வெரசாகவே இறங்கிவிட்டேன். வாசலில் வெள்ளையம்மாள் மட்டும் இருந்தாள்.

"செல்லிய பண்ணைக்காட்டுல குடுத்தாச்சு பாய், போன வருசம் நீங்க வந்துட்டுப் போன கையோட. நீங்க வர்ற நேரம் தலைப்பிரசவத்துக்கு வந்திருப்பான்னு பாத்தேன், அதுக்குள்ள போயிட்டா."

"சந்தோஷம்மா. அப்போ நான் டிஸ்பென்சரிக்குப் போயிட்டு..."

"அதெப்படி?" என்றாள். "பாக்காம எழுதுவீகளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. அதே லாரியில் திரும்பி ஏறிக் கொடைக்கானல் வந்தேன். மறுநாள் பஸ் பிடித்துப் பண்ணைக்காட்டில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு முன்னால் களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. களத்தின் அந்தக் கோடியில் செல்லி கொட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"மாமா!" என்று கத்திவிட்டு, நான் கேட்காமலேயே களத்தின் குறுக்கே நடந்து வந்தாள். ஒவ்வோர் எட்டுக்கும் அவள் இடது பக்கம் சாய்ந்தாள். சாய்கிறபோதெல்லாம் இடுப்பிலிருந்த குழந்தை ஊஞ்சலில் வைத்து ஆட்டுவது போலக் கெக்கலித்துச் சிரித்தது. அவள் அருகில் வந்து நின்றதும் ஆட்டம் நின்றுவிட்டது என்று முகத்தைச் சுளித்துச் சிணுங்கியது.

"இன்னொரு தடவை நடக்கச் சொல்லுது பாருங்க," என்றாள் செல்லி.

"நட ஆத்தா," என்றேன். அவள் திரும்பக் களத்தின் அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள். நான் நின்று பார்த்துவிட்டு, மறுபடியும் மேல்மலைக்கு ஏறிப் போய் நோட்டில் எழுதினேன்.